ஸ்பிரிங் பூட் 3-க்கு மாறிய பிறகு படிவச் சரிபார்ப்பு ஓசையில்லாமல் நின்றுவிட்டது

படிவக்காரன் எழுதியது:

வணக்கம். ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா கட்டமைப்பின் 2.7-ஆம் பதிப்பில் ஓடிக்கொண்டிருந்த ஒரு வலைச் செயலியை 3-ஆம் பதிப்புக்கு மாற்றியிருக்கிறோம். ஜாவா 17, மேவன் (நூலகங்களைச் சேர்த்துச் செயலியைக் கட்டும் கருவி), தைம்லீஃப் டெம்ப்ளேட் (பக்க வார்ப்புரு) என்பதே எங்கள் அமைப்பு. கம்பைலர் பிழை காட்டிய இடங்களில் எல்லாம் ஜாவாஎக்ஸ் என்று தொடங்கும் இம்போர்ட்டுகளை, புதிய பதிப்பு கேட்கும் பெயரான ஜகார்த்தா என்று மாற்றினோம். அதன் பிறகு செயலி எந்த முணுமுணுப்பும் இல்லாமல் எழுந்துகொண்டது. ஆனால், பதிவுப் படிவத்தின் எல்லாக் கட்டங்களையும் வெறுமையாக விட்டு அனுப்பினாலும் 'பதிவு முடிந்தது' என்ற பக்கம் வருகிறது; தரவுத்தளத்தில் ஒரு வெற்று வரிசையும் சேர்ந்துவிடுகிறது.

படிவத்துக்கான வகுப்பில் பெயர்ப் புலத்துக்கு நாட்பிளாங்க் (வெறுமை கூடாது), மின்னஞ்சலுக்கு ஈமெயில், கடவுச்சொல்லுக்கு சைஸ் (நீள வரம்பு) என்று அனோட்டேஷன்கள், அதாவது நிரலில் ஒட்டும் விதிக்குறிகள், முன்பு இருந்தபடியே இருக்கின்றன. கோரிக்கையைக் கையாளும் கன்ட்ரோலர் மெதடில் படிவப் பொருளுக்கு முன்னால், அதைச் சரிபார்க்கச் சொல்லும் வேலிட் இருக்கிறது. மேவனின் போம் கோப்பில் வேலிடேஷன் ஸ்டார்ட்டரும் (சரிபார்ப்பு நூலகத்தைக் கொண்டுவரும் வரி) இருக்கிறது. டீபக்கரில் நிறுத்திப் பார்த்தால் சரிபார்ப்பி அழைக்கப்படுவது கண்ணுக்குத் தெரிகிறது; இருந்தும் அது ஒரு பிழையைக்கூடத் திருப்பித் தருவதில்லை. லாகில் எச்சரிக்கை எதுவும் இல்லை. எங்கே தேடுவது என்றே புரியவில்லை.

ஜார்தேடி எழுதியது:

ஸ்டார்ட்டர் இருக்கிறது என்று முதலிலேயே சொன்னது நல்லது. 2020-இல் வந்த 2.3-ஆம் பதிப்பிலிருந்து வெப் ஸ்டார்ட்டர் சரிபார்ப்பு நூலகத்தைத் தானாகக் கொண்டுவருவதில்லை. இப்படிப்பட்ட கேள்விகளில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைச் சேர்த்தவுடன் தீர்ந்துவிடும். உங்களுடையது அந்த வகை அல்ல.

படிவ வகுப்பின் தலைப்பகுதியில் இருக்கும் இம்போர்ட் வரிகளைப் பாருங்கள். நாட்பிளாங்க் எந்தப் பேக்கேஜிலிருந்து வருகிறது? ஜகார்த்தா.வேலிடேஷனா, ஜாவாஎக்ஸ்.வேலிடேஷனா? இரண்டாவது என்றால் அது கம்பைல் ஆகியிருக்கவே கூடாது, ஏனெனில் ஸ்பிரிங் பூட் 3 கொண்டுவரும் நூலகங்களில் அந்தப் பேக்கேஜ் கிடையாது. அப்படியும் கம்பைல் ஆகிறது என்றால், வேறு ஏதோ ஒரு ஜார் (நூலகக் கோப்பு) அதைப் பின்வாசல் வழியாக உள்ளே கொண்டுவருகிறது. எந்த நூலகம் எதைக் கொண்டுவருகிறது என்று காட்டும் மேவனின் டிபெண்டன்சி ட்ரீ கட்டளையை ஓட்டி, வேலிடேஷன்-ஏபிஐ என்ற பெயர் எத்தனை இடத்தில் வருகிறது, யாருக்குக் கீழே வருகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

படிவக்காரன் எழுதியது:

சரியாகச் சொன்னீர்கள். படிவ வகுப்புகள் அனைத்திலும் இம்போர்ட் ஜாவாஎக்ஸ்.வேலிடேஷன் என்றே இருக்கிறது. எங்கள் நிறுவனத்தில் பல செயலிகள் பகிர்ந்துகொள்ளும் ஒரு பொது நூலகம் உண்டு. அதன் வால் பிடித்துக்கொண்டு வேலிடேஷன்-ஏபிஐ 2.0.1 ஜார் உள்ளே வந்திருக்கிறது. கம்பைலர் இதனால்தான் வாய் திறக்கவில்லை.

ஆனால் ஒரு சந்தேகம் எஞ்சுகிறது. கன்ட்ரோலரில் இருக்கும் வேலிட்டும் அதே பழைய பேக்கேஜிலிருந்துதான் வருகிறது. ஸ்பிரிங் அதை அடையாளம் காணவில்லை என்றால் சரிபார்ப்பி அழைக்கப்பட்டிருக்கவே கூடாது. டீபக்கரில் அது அழைக்கப்படுகிறதே, எப்படி?

மூலநிரல் எழுதியது:

ஸ்பிரிங்கின் மூலநிரலைத் திறந்து பார்த்தால் விடை கிடைக்கும். கன்ட்ரோலர் அளவுருவைச் சரிபார்க்க வேண்டுமா என்று முடிவு செய்யும் இடத்தில், ஸ்பிரிங் ஜகார்த்தாவின் வேலிட்டையும் தன்னுடைய வேலிடேட்டட் அனோட்டேஷனையும் தேடுவதோடு நிற்பதில்லை; பேக்கேஜ் எதுவாக இருந்தாலும், பெயர் 'வேலிட்' என்று தொடங்கும் எந்த அனோட்டேஷனையும் அது ஏற்றுக்கொள்கிறது. நாமே ஒரு சொந்த அனோட்டேஷன் எழுதிக்கொள்ள வசதியாக வைத்த தளர்வு அது. ஆகவே உங்கள் பழைய வேலிட், பெயர்ப் பொருத்தம் ஒன்றை மட்டுமே வைத்து உள்ளே நுழைந்துவிட்டது, சரிபார்ப்பியும் அழைக்கப்பட்டது.

அழைக்கப்பட்டது ஹைபர்னேட் வேலிடேட்டர் 8, ஸ்டார்ட்டர் கொண்டுவரும் சரிபார்ப்பு நூலகம். அதற்கு ஜகார்த்தா.வேலிடேஷனில் உள்ள கட்டுப்பாடுகளை மட்டுமே தெரியும். பழைய பேக்கேஜின் நாட்பிளாங்க் அதன் கண்ணில் ஏதோ ஒரு தொடர்பில்லாத அனோட்டேஷன். வகுப்பை முழுக்கத் துழாவிவிட்டு, 'இங்கே கட்டுப்பாடு எதுவும் இல்லை, எனவே பிழையும் இல்லை' என்று திரும்பிவிடுகிறது. அதன் நோக்கில் அது செய்தது சரிதான். எச்சரிக்கை எழுதக் காரணமே இல்லை.

சரிசெய்யும் முறை எளிது: பொது நூலகத்தின் டிபெண்டன்சி வரியில் அந்தப் பழைய ஏபிஐ ஜாரை எக்ஸ்க்ளூஷன் கொடுத்து விலக்குங்கள். உடனே உங்கள் படிவ வகுப்புகள் எல்லாம் கம்பைல் ஆகாமல் விழும், அதுதான் வேண்டும். பிழை வரும் இடங்களிலெல்லாம் இம்போர்ட்டை மாற்றிக்கொண்டே போகலாம். பிற்காலத்தில் வேறொரு நூலகம் அதே ஜாரைக் கொண்டுவராமல் இருக்க, மேவன் என்ஃபோர்சர் செருகுநிரலில் தடைசெய்த டிபெண்டன்சிகள் என்ற விதியில் ஜாவாஎக்ஸ்.வேலிடேஷனைச் சேர்த்துவிடுங்கள்.

ஒரு ஆபத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எக்ஸ்க்ளூஷன் உங்கள் நிரலை மட்டுமே காப்பாற்றும். பொது நூலகத்துக்குள் ஏற்கெனவே கம்பைல் ஆகி வந்த வகுப்புகளில் பழைய அனோட்டேஷன்கள் இருந்தால், ஓடும்போது அந்த அனோட்டேஷன் வகுப்பு கிளாஸ்பாத்தில் (ஜாவா வகுப்புகளைத் தேடும் இடங்களில்) இல்லையென்றாலும் ஜாவா அதைப் பிழையாகக் கருதுவதில்லை. அனோட்டேஷன் அங்கே எழுதப்படவே இல்லை என்பது போல வகுப்பின் உள்ளமைப்பைப் படிக்கும் ரிஃப்ளெக்ஷன் அதைத் தாண்டிப் போய்விடும். அந்த நூலகத்திலிருந்து எடுத்து உங்கள் படிவத்தில் பயன்படுத்தும் வகுப்பு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

பழையதிண்ணை எழுதியது:

வேறொரு ஜாவா கட்டமைப்பான ஸ்ட்ரட்ஸ் 2-இல் எழுதிய செயலி ஒன்றை இன்றும் பராமரிக்கிறவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. அங்கேயும் இதே நோய் உண்டு. ஆக்‌ஷன் வகுப்பின் பெயரோடு 'வேலிடேஷன்' என்று சேர்த்து எக்ஸ்எம்எல் கோப்புக்குப் பெயர் வைக்க வேண்டும். பெயரில் ஓர் எழுத்து பிசகினால் கோப்பு படிக்கப்படாது, யாரும் புகார் சொல்லவும் மாட்டார்கள். அதற்கு நேர்மாறாக, கோப்பு சரியாக இருந்து ஆக்‌ஷனில் இன்புட் என்ற ரிசல்ட்டை (பிழை என்றால் காட்ட வேண்டிய பக்கத்தை) எழுத மறந்தால், அந்த ரிசல்ட் வரையறுக்கப்படவில்லை என்று உரக்கக் கத்தும். கத்துகிற பிழையை அரை மணியில் தீர்த்துவிடலாம். உங்களுடையது போன்ற மௌனப் பிழைக்குத்தான் நாள்கள் போகின்றன.

படிவக்காரன் எழுதியது:

எக்ஸ்க்ளூஷன் கொடுத்து இம்போர்ட்டுகளை மாற்றிவிட்டேன். சரிபார்ப்பு உயிர் பெற்றுவிட்டது. மூலநிரல் சொன்ன ஆபத்தும் உண்மைதான்: முகவரிக்கான வகுப்பு பொது நூலகத்திலிருந்துதான் வருகிறது. அதைப் பிறகு கேட்கிறேன்.

இப்போது வேறு சிக்கல். புதிதாக எழுதிய ஒரு படிவத்தில், சரியான தரவைக் கொடுத்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. தவறான தரவைக் கொடுத்தால் படிவம் பிழைச்செய்திகளோடு திரும்ப வராமல் 400 (தவறான கோரிக்கை) என்ற வெற்றுப் பிழைப் பக்கம் வருகிறது. மெதடின் அளவுருக்கள் இந்த வரிசையில் உள்ளன: முதலில் வேலிட்டுடன் படிவப் பொருள், அடுத்து மாடல் (டெம்ப்ளேட்டுக்குத் தரவு கொண்டுபோகும் பொருள்), அதன் பின் பைண்டிங்ரிசல்ட் (சரிபார்ப்புப் பிழைகளைச் சுமக்கும் பொருள்).

ஜார்தேடி எழுதியது:

வரிசைதான் காரணம். பைண்டிங்ரிசல்ட், தான் எந்தப் பொருளின் பிழைகளைச் சுமக்கிறதோ அந்தப் பொருளுக்கு அடுத்த அளவுருவாக இருந்தாக வேண்டும். பிழை நேரும்போது ஸ்பிரிங் படிவப் பொருளுக்கு அடுத்திருப்பதை மட்டும் பார்க்கிறது. அங்கே மாடல் இருப்பதால், 'பிழைகளைக் கையாள இந்த மெதட் தயாராக இல்லை' என்று எடுத்துக்கொண்டு எக்செப்ஷனை எறிந்துவிடுகிறது. உங்கள் நிரல் ஓடத் தொடங்கும் முன்பே 400 போய்விடுகிறது. சரியான தரவு வந்தால் எறிவதற்கு எதுவும் இல்லை, ஆகவே எல்லாம் நன்றாக இருப்பது போலத் தோன்றுகிறது. மாடலையும் பைண்டிங்ரிசல்ட்டையும் இடம் மாற்றினால் போதும்.

இதற்கு அடுத்த படியில் காத்திருக்கும் குழியையும் சொல்லிவைக்கிறேன். பெயர் எதுவும் குறிப்பிடாவிட்டால் படிவப் பொருள் தன் வகுப்பின் பெயரிலேயே, முதல் எழுத்து மட்டும் சிற்றெழுத்தாகி, மாடலில் உட்காரும். ரெஜிஸ்ட்ரேஷன்ஃபார்ம் என்ற வகுப்பை, பக்கத்தைக் காட்டும் கெட் மெதடில் 'ஃபார்ம்' என்ற பெயரில் சேர்த்து, டெம்ப்ளேட்டிலும் 'ஃபார்ம்' என்றே எழுதியிருந்தால், முதல் முறை பக்கம் அழகாக வரும். தவறான தரவோடு அனுப்பிய பிறகுதான், அந்தப் பெயரில் பைண்டிங்ரிசல்ட்டும் இல்லை, பொருளும் இல்லை என்று தைம்லீஃப் விழும். படிவத்தைப் பெறும் போஸ்ட் மெதடில் மாடல்ஆட்ரிப்யூட் அனோட்டேஷனுக்குள் அதே பெயரை எழுதிவிட்டால் தொல்லை தீர்ந்தது.

பிழை இருக்கும்போது ரீடைரக்ட் செய்ய வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரீடைரக்ட் என்பது புதிய கோரிக்கை; பைண்டிங்ரிசல்ட் பழைய கோரிக்கையோடு போய்விடும். பிழை என்றால் டெம்ப்ளேட்டின் பெயரை நேரடியாகத் திருப்பிக் கொடுங்கள். வெற்றி என்றால் மட்டும் ரீடைரக்ட்.

படிவக்காரன் எழுதியது:

படிவம் இப்போது பிழைகளோடு திரும்ப வருகிறது. நன்றி. செய்திகள் தொடர்பாக இரண்டு கேள்விகள். வயது என்ற புலம் இன்ட் (முழு எண்) வகையில் இருக்கிறது. அதை வெறுமையாக விட்டால், ஸ்ட்ரிங்கை (உரையை) இன்ட்டாக மாற்ற முடியவில்லை என்ற நீண்ட ஆங்கில வாக்கியம் அப்படியே பயனர் திரையில் வந்து விழுகிறது. அடுத்து, பெயர்ப் புலத்துக்கு நாட்நல் (நல், அதாவது மதிப்பே இல்லாத நிலை, கூடாது) கொடுத்திருந்த ஒரு படிவம் வெறுமையை ஏற்றுக்கொள்கிறது.

மூலநிரல் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு விடை சுருக்கமானது. உலாவி வெறுமையான உரைக்கட்டத்தை நல் என்று அனுப்புவதில்லை, நீளமில்லாத ஸ்ட்ரிங்காக அனுப்புகிறது. நாட்நல் அதைத் தடுக்காது. உரைப் புலங்களுக்கு நாட்பிளாங்க் வையுங்கள். படிவத் தரவு பொருளில் ஏறும் விதத்தை அமைக்கும் இனிட்பைண்டர் மெதடில் ஸ்ட்ரிங்ட்ரிம்மர்எடிட்டரைப் பதிவுசெய்து வெற்று ஸ்ட்ரிங்குகளை நல்லாக மாற்றுவதும் ஒரு வழி. விருப்பப் புலங்களுக்கு அது மிகவும் பயன்படும்: நிரப்பாமல் விட்ட தொலைபேசி எண்ணை 'குறைந்தது 10 எழுத்து' என்ற சைஸ் விதி மறிக்காது, ஏனெனில் சைஸ், பேட்டர்ன், ஈமெயில் போன்றவை நல்லைக் கண்டால் விட்டுவிடும்.

வயதுப் புலத்தை இன்ட் என்பதிலிருந்து இன்டிஜர் என்று மாற்றுங்கள். இன்ட்டுக்கு நல் என்ற நிலையே கிடையாது. அதனால் வெறுமை என்பது அங்கே வகைமாற்றப் பிழையாகத்தான் வெளிப்படும். இன்டிஜர் என்றால் வெறுமை நல்லாக மாறும், நாட்நல் தன் வேலையைச் செய்யும். யாராவது எழுத்துகளைத் தட்டினால் வகைமாற்றப் பிழை அப்போதும் வரும். அதற்கு, செய்தி வாக்கியங்களை வைக்கும் மெசேஜஸ் கோப்பில் டைப்மிஸ்மேட்ச் என்ற சாவியின் கீழ், புலத்தின் பெயரையும் சேர்த்து, உங்கள் வாக்கியத்தை எழுதுங்கள். வகைமாற்றத்தில் தோற்ற புலத்துக்கு ஸ்பிரிங் மற்ற விதிகளின் பிழைகளைச் சேர்ப்பதில்லை. ஆகவே ஒரே கட்டத்துக்குக் கீழே இரண்டு செய்திகள் முட்டிக்கொள்ளாது.

சாவிகளைத் தேடும் வரிசை தெரிந்திருந்தால் பாதித் தலைவலி குறையும். மின்னஞ்சல் புலம் நாட்பிளாங்கில் தோற்றால், முதலில் விதி, படிவப் பொருள், புலம் ஆகிய மூன்றின் பெயரும் புள்ளியால் இணைந்த சாவி. அடுத்து விதியும் புலமும். அதற்கடுத்து விதியும் ஜாவா வகையும். கடைசியாக விதியின் பெயர் மட்டும். எதுவும் கிடைக்காவிட்டால்தான் அனோட்டேஷனில் எழுதிய செய்தி.

மெசேஜஸ் கோப்பில் சைஸ் விதிக்குச் செய்தி எழுதும்போது கவனம் தேவை. அங்கே பூஜ்யமாவது இடம் புலத்தின் பெயர். அதற்கடுத்த இடங்கள் அனோட்டேஷனின் பண்புகள், அவையும் ஆங்கில அகரவரிசையில். ஆகவே ஒன்று என்ற இடத்தில் மேக்ஸ் (மேல் வரம்பு), இரண்டு என்ற இடத்தில் மின் (கீழ் வரம்பு). இயல்பாக எழுதினால் '20 முதல் 8 எழுத்துகள் வரை' என்று தலைகீழாக அச்சாகும்.

பழையதிண்ணை எழுதியது:

மின்னும் மேக்ஸும் இடம் மாறிய செய்தியை எத்தனையோ தளங்களில் பார்த்துச் சிரித்திருக்கிறேன். காரணம் இப்போதுதான் தெரிகிறது.

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. படிவத்துக்கு என்று தனி வகுப்பு எதற்கு? தரவுத்தள வரிசையைக் குறிக்கும் என்டிட்டி வகுப்பிலேயே எல்லா விதிகளையும் எழுதிவிட்டால், படிவத்திலும் ஒருமுறை, தரவுத்தளத்தில் சேர்க்கும் முன் மறுபடி ஒருமுறை என்று இரட்டைக் காவல் கிடைக்கிறது. ஒரே விதியை இரண்டு இடத்தில் எழுதுவது பராமரிப்புக்குச் சுமை.

மூலநிரல் எழுதியது:

விதிகள் இரண்டு இடத்திலும் உண்மையிலேயே ஒன்றாக இருந்தால் உங்கள் வாதம் நிற்கும். கடவுச்சொல் புலத்தில் அது உடைந்துவிடும். பயனர் தட்டும் கடவுச்சொல் 8 முதல் 20 எழுத்துகள் என்று சைஸ் விதி வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். படிவம் அந்த விதியைத் தாண்டி வருகிறது. சர்வீஸ் அடுக்கு அதை பிகிரிப்ட் என்ற ஹாஷ் முறை கொண்டு குறியாக்கி அதே புலத்தில் வைக்கிறது. பிகிரிப்ட்டின் வெளியீடு 60 எழுத்துகள். சேமிக்கும் நொடியில் தரவுத்தளத்தோடு பேசும் அடுக்கான ஜேபிஏ அதே என்டிட்டியைத் தானாக மறுபடி சரிபார்க்கும். 60 என்பது 20-ஐத் தாண்டியதால் கான்ஸ்ட்ரெய்ன்ட் வயலேஷன் எக்செப்ஷன் எழும். கமிட்டின்போது அது ட்ரான்ஸாக்‌ஷன் பிழைக்குள் பொதிந்து வெளிவருவதால், பயனருக்குத் தெரிவது 500 (சேவையகப் பிழை) பக்கம் மட்டுமே. இதைக் கண்டு எரிச்சலுற்றுப் பலர் ஜேபிஏ சரிபார்ப்பையே நன் (எதுவும் வேண்டாம்) என்று அணைத்துவிடுகிறார்கள். அத்தோடு நீங்கள் சொன்ன இரட்டைக் காவலும் போய்விடுகிறது.

இன்னொரு காரணம் பாதுகாப்பு. என்டிட்டியை நேரடியாகப் படிவத்தோடு இணைத்தால், கோரிக்கையில் வரும் எந்த அளவுருவும், பெயர் பொருந்தினால், அந்தப் பொருளின் செட்டர் வழியாக உள்ளே போகும். உங்கள் டெம்ப்ளேட்டில் 'பங்கு' என்ற கட்டம் இல்லை என்பது ஒரு தடையே அல்ல. அந்த அளவுருவைக் கையால் சேர்த்து அனுப்பி ஒருவர் தன்னை நிர்வாகியாக்கிக்கொள்ள முடியும். அனுமதித்த புலங்களைப் பட்டியலிடும் செட்அலவ்ட்ஃபீல்ட்ஸ் கொண்டு இதை அடைக்கலாம் என்றாலும், புதிய புலம் சேரும் ஒவ்வொரு முறையும் அந்தப் பட்டியலை யாராவது நினைவில் வைத்திருக்க வேண்டும். பயனர் நிரப்பக்கூடிய புலங்கள் மட்டுமே கொண்ட தனிப் படிவ வகுப்பில் அந்தக் கவலை எழவே வழியில்லை.

பழையதிண்ணை எழுதியது:

கடவுச்சொல் எடுத்துக்காட்டு என் வாதத்தைச் சாய்த்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். கூடவே ஒரு கேள்வி: கடவுச்சொல்லும், அதை மறுபடி தட்டும் உறுதிச்சொல்லும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கும் விதியை எங்கே எழுதுகிறீர்கள்?

ஜார்தேடி எழுதியது:

படிவ வகுப்பின் மேலேயே ஒரு சொந்த அனோட்டேஷனாக எழுதுவோம். வகுப்பு மட்டத்தில் எழுதிய விதி தோற்றால் பிழை முழுப் படிவத்துக்கும் உரியதாகப் பதிவாகும். புலத்துக்குக் கீழே தோன்றாது. சரிபார்ப்பியில் இயல்பான பிழையை அணைத்துவிட்டு, ஆட்ப்ராபர்ட்டிநோட் என்ற அழைப்பில் உறுதிச்சொல் புலத்தின் பெயரைக் கொடுத்தால் செய்தி உரிய கட்டத்தின் கீழ் வரும்.

அப்படிச் செய்தி கட்டமைக்கும்போது பயனர் தட்டிய உரையைச் செய்தி வார்ப்புருவுக்குள் ஒட்ட வேண்டாம். அந்த வார்ப்புரு வெறும் உரை அல்ல. அதில் எக்ஸ்பிரஷன் மொழி இயங்கக்கூடும். ஹைபர்னேட் வேலிடேட்டர் 6.2 முதல் இத்தகைய சொந்தப் பிழைகளுக்கு அது இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. பழைய பதிப்பில் இருப்பவர்களுக்கு இது உண்மையான ஓட்டை.

சோதனைச்சாவடி எழுதியது:

இழையை இப்போதுதான் படித்து முடித்தேன். முதல் பதிவில் இருந்த சிக்கல் பயனரிடம் போகும் முன்பே பிடிபட்டிருக்க வேண்டியது. ஒவ்வொரு படிவத்துக்கும் சேவையகம் இல்லாமலே கோரிக்கை அனுப்பிப் பார்க்கும் மாக்எம்விசி கொண்டு ஒரு சிறிய சோதனை எழுதுங்கள்: வெற்றுப் படிவத்தை அனுப்பி, மாடலில் மின்னஞ்சல் புலத்துக்கு நாட்பிளாங்க் என்ற பிழைக்குறி இருக்கிறதா என்று கேளுங்கள். 'பிழை இருக்கிறதா' என்று மட்டும் கேட்பது போதாது. எந்தப் புலம், எந்த விதி என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். வெப்எம்விசி சோதனைத் துண்டு சரிபார்ப்பு அமைப்பையும் ஏற்றிக்கொள்வதால் தரவுத்தளம் எதுவும் தேவையில்லை.

மின்னஞ்சல் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்பதை அனோட்டேஷனாக எழுதும் பழக்கம் பரவலாக உள்ளது. எனக்கு அதில் உடன்பாடு குறைவு. இரண்டு பேர் ஒரே நொடியில் அனுப்பினால் இருவரும் அந்தச் சரிபார்ப்பைத் தாண்டிவிடுவார்கள். தரவுத்தளத்தில் யுனிக் இன்டெக்ஸ் (ஒரே மதிப்பை இருமுறை ஏற்காத அமைப்பு) இருப்பதே உண்மையான காவல். சேமிக்கும்போது எழும் தரவு ஒருமைப்பாட்டு எக்செப்ஷனைப் பிடித்து, ரிஜெக்ட்வேல்யூ மூலம் மின்னஞ்சல் புலத்தின் பிழையாக மாற்றி அதே படிவத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

படிவக்காரன் எழுதியது:

சோதனைகளை எழுதி ஓட்டிவிட்டேன். முகவரிப் பகுதிக்கான சோதனை மட்டும் தோற்கிறது. படிவ வகுப்பில் முகவரிப் புலத்துக்கு மேலே ஜகார்த்தாவின் வேலிட் இருக்கிறது; ஆனால் முகவரி வகுப்பு பொது நூலகத்துக்குள் பழைய அனோட்டேஷன்களோடு கிடக்கிறது. அந்த நூலகத்தை மற்ற செயலிகள் இன்னும் 2.7-இல் பயன்படுத்துவதால் இப்போதைக்கு அதில் கை வைக்க முடியாது.

மூலநிரல் எழுதியது:

அனோட்டேஷன் ஒன்றுதான் வழி என்றில்லை. இந்த விதிகளை வரையறுக்கும் தரமான பீன் வேலிடேஷன் தொடக்கத்திலிருந்தே எக்ஸ்எம்எல் வழியாகவும் விதிகளை ஏற்கிறது. உங்கள் செயலியின் ரிசோர்சஸ் அடைவில் மெட்டா-இன்ஃப் என்ற உள்ளடைவை உருவாக்கி, வேலிடேஷன்.எக்ஸ்எம்எல் கோப்பை வையுங்கள். அதில் கான்ஸ்ட்ரெய்ன்ட் மேப்பிங் கோப்பின் பெயரைக் குறிப்பிடுங்கள். மேப்பிங் கோப்பில் முகவரி வகுப்பின் முழுப் பெயரையும், தெரு, ஊர், அஞ்சல் குறியீடு ஆகிய ஒவ்வொரு புலத்துக்கும் உரிய ஜகார்த்தா விதியையும் எழுதினால், நூலகத்தைத் தொடாமலே ஹைபர்னேட் வேலிடேட்டர் அவற்றை எடுத்துக்கொள்ளும். இரண்டு எக்ஸ்எம்எல் கோப்புகளின் தலைப்பிலும் ஜகார்த்தாவுக்கு உரிய நேம்ஸ்பேஸ் இருக்க வேண்டும்.

படிவக்காரன் எழுதியது:

செய்து பார்த்தேன், முகவரிச் சோதனையும் தேறிவிட்டது. நூலகக் குழு ஜகார்த்தா பதிப்பை வெளியிட்டவுடன் மேப்பிங் கோப்பை நீக்க வேண்டும் என்று போம் கோப்பில் எக்ஸ்க்ளூஷனுக்கு மேலேயே குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். இழையைத் தீர்ந்தது என்று குறித்துவிடுகிறேன்.